முன் படம், பின் படம்

நாகேஸ்வரி வீட்டு வாசற் படலையில் பச்சைப் பலகை ஏறும்வரை, கண்டாவளையின் அந்த ஒழுங்கையில் முகப்பரு வந்தவர்கள் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டு திரிந்தார்களே தவிர, யாரிடமும் போய்ப் பதிந்துகொள்ளவில்லை. பதிகிற வழக்கத்தை ஊருக்குக் கொண்டுவந்தது மலர்முகம் மேம்பாட்டு நிறுவனம்.

இந்த நிறுவனத்தார் பத்துப் பன்னிரண்டு வருடமாக வன்னியை மேம்படுத்தி வருகிறார்கள். முதலில் கோழிக்குஞ்சு கொடுத்தார்கள். குஞ்சுகளைப் பருந்து கொண்டுபோனது. அடுத்து காளான் வளர்க்கச் சொன்னார்கள். காளான் வளர்ந்தது, தின்னத்தான் ஆளில்லை. பிறகு தேனீப் பெட்டி வந்தது; தேனீ வரவில்லை. ஒவ்வொன்றின் முடிவிலும் கிளிநொச்சியில் ஒரு விழா மட்டும் தவறாமல் நடந்தது. கடைசியில், எங்கோ தூரத்தில் குளிரூட்டிய அறையில் இருந்த யாரோ ஒரு பெரியவருக்கு, வன்னிப் பிள்ளைகள் தலை நிமிர்ந்து நடக்காததற்குக் காரணம் முகப்பருதான் என்று தோன்றிவிட்டது. 'பொலிவான முகம், வலுவான சமூகம்' என்ற வேலைத்திட்டம் அப்படித்தான் பிறந்தது. வேறு காரணங்களும் யாருக்காவது ஞாபகம் வந்திருக்கலாம். அவற்றுக்கு நிதி வரவில்லை.

நாகேஸ்வரிக்கு நாற்பது வயது. வீட்டில் தையல் மெசின் வைத்துச் சட்டை தைப்பவள். மாதர் சங்கத்தின் கூட்டக் குறிப்புகளை அழகான எழுத்தில் எழுதுவாள். அந்த எழுத்தைப் பார்த்துத்தான் அவளைச் 'சருமப் பராமரிப்பு ஆலோசகர்' பயிற்சிக்குத் தெரிவுசெய்தார்கள். எழுத்துக்கும் சருமத்துக்கும் என்ன தொடர்பு என்று அவளுடைய கணவன் தில்லைநாதன் கேட்டான். மற்றப் பெண்கள் அதுவும் இல்லாமல்தான் தெரிவாகியிருக்கிறார்கள் என்று அவள் சொன்னாள்.

பயிற்சி இரண்டு நாள். முதல்நாள் மங்கள விளக்கு, மௌன அஞ்சலி, வரவேற்புரை, தலைமையுரை, றோல்ஸும் தேத்தண்ணியும். பிறகு ஐந்து குழுவாகப் பிரித்து, 'அழகு என்றால் என்ன?' என்று பெரிய மட்டைகளில் எழுதச் சொன்னார்கள். ஐந்து குழுவும் 'அழகு என்பது அகத்தின் அழகு' என்று எழுதின. கைதட்டல். இரண்டாம்நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு நிகழ்ச்சி நிரலில் 'முகப்பருவும் பராமரிப்பும்' என்று இருந்தது. அதைப் படிப்பிக்க ஆசுபத்திரியிலிருந்து தாதி பிரஷாந்தினி மிஸி வந்து, பின்வரிசைக் கதிரையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்த நேரம் பார்த்து, காலை ஒன்பது மணிக்கு வரவேண்டிய பணிப்பாளர் கனகலிங்கம் வந்து இறங்கினார். எனவே வரவேற்புரை மறுபடி நடந்தது. விளக்கை நூர்த்துவிட்டு மறுபடி ஏற்றினார்கள்.

பணிப்பாளர் ஒன்றரை மணித்தியாலம் பேசினார். "எனக்கும் இளமையில் பரு வந்தது. ஆனால் நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை. சமூகத்தைப் பார்த்தேன். சமூகமும் என்னைப் பார்த்தது. இன்றைக்கு நான் பணிப்பாளர். பருவை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? ஆகவே பருவைப் பற்றி நாம் அதிகம் பேசத் தேவையில்லை. பருவைப் பற்றிய வேலைத்திட்டத்தைப் பற்றித்தான் பேசவேண்டும்."

அவர் முடிக்க நாலு மணி. மிஸிக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "ஒண்டே ஒண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் போறன்" என்று எழும்பினார். அதற்குள் ஒலிவாங்கியைக் கழற்றிக் குழுப்படத்துக்காக எல்லோரையும் மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்த ஒன்று என்ன என்று யாரும் கேட்கவில்லை. நாகேஸ்வரியும் கேட்கவில்லை, படத்தில் முன்வரிசையில் நிற்கவேண்டும் என்ற அவசரம் அவளுக்கும் இருந்தது. சான்றிதழில் 'முகப்பருப் பராமரிப்பில் விசேட தேர்ச்சி' என்று தங்க எழுத்தில் அடித்திருந்தது.

'சருமப் பராமரிப்பு ஆலோசகர்' என்ற பச்சைப் பலகை ஏறி ஆறு கிழமையாக ஒருவரும் வரவில்லை. கள உத்தியோகத்தர் கிருசாந்தி ஒவ்வொரு திங்களும் தொலைபேசி எடுத்தாள்.

"அக்கா, இன்னும் ஒரு பயனாளியும் இல்லையோ? உங்கட இடம் மட்டும்தான் பூச்சியம். எனக்குத்தான் ஏச்சு விழுது."

நாகேஸ்வரிக்குக் கோயிலுக்குப் போனாலும் சாமியைப் பார்க்க முடியவில்லை. கும்பிட வந்த பிள்ளைகளின் கன்னங்களைத்தான் பார்த்தாள். யாருக்காவது நாடியில் சிவப்பாக ஒன்று தெரிந்தால் மனது குளிர்ந்தது. அப்படிக் குளிர்ந்ததை நினைத்துப் பிற்பாடு அவள் எத்தனையோ நாள் வெட்கப்பட்டாள்.

அப்போதுதான் யதுர்ஷிகா வந்தாள். நாகேஸ்வரியின் தமக்கையின் மகள். இரண்டு வீடு தள்ளி இருப்பவள், பதினாறு வயது. வலது கன்னத்தில் மூன்று பரு, நாடியில் ஒன்று. சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை வேண்டும், அதற்குப் பரந்தன் சந்தி ஸ்ரூடியோவில் படம் எடுக்கவேண்டும் என்று அதிபர் சொல்லியிருந்தார்.

"சின்னம்மா, படம் எடுக்க முதல் இதைப் போக்கலாமோ? அட்டையில காலம் முழுக்க நிக்கப்போகுது."

தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் நாகேஸ்வரியின் தலைக்கு மேலே சுவரில் சான்றிதழ் தொங்கியது. தங்க எழுத்துக்குக் கீழே இருந்துகொண்டு தெரியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"இருபத்தொரு நாளில போக்கலாம் பிள்ளை" என்றாள். நிறுவனம் தந்த படிவத்தில் நாளுக்கு ஒன்றாக இருபத்தொரு கட்டங்கள் இருந்தன. அதைத் தவிர அந்தக் கணக்குக்கு வேறு ஆதாரம் இல்லை.

தேசிக்காய்ப் புளியையும் அப்பச்சோடாவையும் குழைத்துக் காலையிலும் பின்னேரமும் பூசினாள். படுக்கப்போகும்போது பற்பசை. பழுத்ததை இரண்டு விரலால் அமுக்கிவிட்டாள். இதெல்லாம் பாதி போனில் பார்த்தது, மீதி அவளே ஊகித்தது. முதல் நாள் ஒரு படம் எடுத்து 'முன்' என்று எழுதி வைத்தாள். நாலாம் நாள் கன்னம் சிவந்தது. ஏழாம் நாள் நெற்றியிலும் புறப்பட்டது. பத்தாம் நாள் சீழ் வைத்துவிட்டது.

பத்தாம் நாள் பின்னேரம் நாகேஸ்வரி குசினிக்குள் போய், அதே கலவையைத் தன் மணிக்கட்டில் பூசிப் பார்த்தாள். ஐந்து நிமிடத்தில் எரிவு தாங்க முடியாமல் வாளித் தண்ணீருக்குள் கையை வைத்துவிட்டாள். அந்த நிமிடமே அவளுக்கு விளங்கிவிட்டது. மற்ற எதை மறந்தாலும் இதை அவளால் மறக்க முடியாது. விளங்கிய பிறகும், அடுத்த நாள் காலை பிள்ளை முகத்தைக் காட்டிக்கொண்டு வந்து நின்றபோது, "உள்ளுக்குக் கிடந்த ஊத்தை வெளியில வருது. இன்னும் பதினொரு நாள்தானே" என்று சொன்னாள். கட்டங்களில் பாதி நிரம்பியிருந்தது. ஏழு கிழமைக்குப் பிறகு கிருசாந்தியின் குரலில் கொஞ்சம் மரியாதை வந்திருந்தது. அதற்காகத்தான் சொன்னாள்.

இருபத்தோராம் நாள் 'பின்' படம் எடுத்தபோது யதுர்ஷிகாவின் முகம் வீங்கி, கண்ணுக்குக் கீழ்வரை கொப்புளமாய் இருந்தது.

"சின்னம்மா, இதை ஒருத்தருக்கும் காட்டமாட்டியள்தானே?"

"சீச்சீ. ஒபிசுக்கு மட்டும்தான் பிள்ளை."

"என்ர பிழைதான். நான் களவாய்க் கச்சான் கடலை திண்டனான். எண்ணெய்ச் சாமான் கூடாதெண்டு தெரியும், பிறகும் திண்டனான். இனித் தின்னன்."

நாகேஸ்வரி வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு, "சரி, இனித் தின்னாதை" என்றாள். அன்று அவள் தைத்த சட்டைக்குக் கையை உட்பக்கம் வெளியாய் வைத்துத் தைத்தாள்.

அடுத்த கிழமை பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்கடுத்த கிழமையும் போகவில்லை. படம் எடுக்கிற கதையை எடுத்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாகேஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் தில்லைநாதனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப போய் உள்ளதைச் சொல்லிப்போட்டு வா" என்றான் அவன்.

அவன் சொல்லச் சொன்னது பிள்ளையிடம். அவள் விளங்கிக்கொண்டது நிறுவனத்திடம் என்று. சான்றிதழ் தந்தவர்கள் அவர்கள்தானே, மருந்தும் அவர்களுக்குத்தானே தெரிந்திருக்கும் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். பிள்ளையிடம் சொல்வதைவிட அது சுகமாகவும் இருந்தது. இரண்டு படத்தையும் போனில் வைத்துக்கொண்டு கிளிநொச்சிக்கு பஸ் ஏறினாள்.

கிருசாந்தி கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தாள். நாகேஸ்வரி நடந்ததைச் சொல்லச் சொல்ல, அவள் படிவத்தை நிரப்பினாள்.

"பெறுபேறு என்ன போடுறது அக்கா? நன்று, மிக நன்று, மிகச் சிறப்பு. மூண்டில ஒண்டு சொல்லுங்கோ."

"மோசம் எண்டு இல்லையோ?"

"இல்லை. நன்று எண்டதுதான் ஆகக் கீழ."

"அப்ப நான் செய்த பிழையை எங்க எழுதுறது பிள்ளை?"

கிருசாந்தி உண்மையாகவே தேடிப் பார்த்தாள். மேலும் கீழும் இழுத்து, ஏழு பக்கமும் பார்த்தாள். "சவால்கள் எண்டு ஒரு நிரல் கிடக்கு. அதில எல்லாரும் மழை எண்டுதான் போடுறவை."

"மழை பெய்யேல்லையே. வெயில் எல்லோ எரிக்குது."

"அது ரெண்டு எழுத்துச் சொல்லெல்லோ அக்கா, வசதி" என்று சொல்லி மழை என்று போட்டுவிட்டாள்.

பிறகு நாகேஸ்வரியைத் திட்ட இணைப்பாளர் பிரதாபனிடம் கூட்டிக்கொண்டு போனாள். பிரதாபன் இளவயதுக்காரன், மரியாதையானவன். எழும்பி நின்று கதிரை காட்டினான். முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டான். கேட்டு முடித்ததும், "நீங்கள் இதைத் தோல்வி என்று சொல்கிறீர்கள். நாங்கள் அந்தச் சொல்லைப் பாவிப்பதில்லை அம்மா. கற்ற பாடம் என்றுதான் சொல்லுவோம்" என்றான்.

"அப்ப அந்தப் பாடத்தையாவது மற்ற ஊர்ப் பொம்பிளையளுக்குச் சொல்லுங்கோ, சேர். அவையும் தேசிக்காய் பூசப்போயினம்."

"கற்ற பாடங்களை நாங்கள் வெளியே விடுவதில்லை. அவை பத்திரமாக வைக்கவேண்டிய ஆவணங்கள்." அலுமாரியைக் காட்டினான். பூட்டியிருந்தது. "அதற்குள் பன்னிரண்டு வருடப் பாடங்கள் இருக்கின்றன. தேனீப் பாடம் மட்டும் நூற்றிருபது பக்கம்."

பிறகு படங்களைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். முகம் மலர்ந்தது.

"அருமையான வித்தியாசம்! மற்ற ஊர்களிலிருந்து வந்த படங்களில் முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்கிறது. யாருக்கும் எந்த மாற்றமும் இல்லை. உங்களுடையதில்தான் மாற்றம் கண்ணுக்குத் தெரிகிறது."

"மாற்றம் இருக்கு சேர். ஆனால் மற்றப் பக்கமாயெல்லோ இருக்கு."

"மாற்றத்தை உண்டாக்குவது உங்கள் வேலை அம்மா. அது எந்தப் பக்கம் என்பது நிர்வாக விடயம். அதை எங்களிடம் விடுங்கள்."

நாகேஸ்வரிக்கு விளங்கவில்லை. நல்ல மனிசன், ஏதோ மருந்து ஒழுங்கு செய்யப்போகிறான் என்று நினைத்துக்கொண்டு, போனில் இருந்த படங்கள் இரண்டையும் அவனுக்கு அனுப்பிவிட்டு வந்தாள்.

மூன்று கிழமை கழித்து, பரந்தன் சந்தியில் பஸ் திரும்பும்போது அவள் கண்ட காட்சியில் மடியில் இருந்த மரக்கறிப் பை சரிந்து, கத்தரிக்காய் பஸ் முழுக்க உருண்டது. சந்தியில் பத்தடி உயரத்தில் யதுர்ஷிகா நின்றாள். இரண்டு யதுர்ஷிகா. இடப்பக்கம் வீங்கிய முகம், அதன் கீழே 'முன்'. வலப்பக்கம் மூன்று பருவும் நாடியில் ஒன்றுமாய் அந்தப் பழைய சிரித்த முகம், அதன் கீழே 'பின்'. நடுவில் 'இருபத்தொரு நாளில் மலர்ந்த முகம்!' என்று எழுதி, பணிப்பாளரின் முகத்தையும் வட்டத்துக்குள் போட்டிருந்தார்கள். பதாகை ஸ்ரூடியோவுக்கு நேர் எதிரே. அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போகிற ஒவ்வொரு பிள்ளையும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும்.

ஒருத்தருக்கும் காட்டமாட்டேன் என்று சொன்ன வாயில் ஒரு அறை விட்டால் என்ன என்று நாகேஸ்வரிக்கு இருந்தது. யதுர்ஷிகாவுக்குச் செய்தி அவளுக்கு முன்பே போய்விட்டது. வகுப்புப் பிள்ளை ஒன்று பதாகையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தது. வீட்டுக்குப் போனபோது அறைக் கதவு சாத்தியிருந்தது. தமக்கை வாசலில் நின்று, "ஏன் நாகேஸ் இப்பிடிச் செய்தனி?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அதற்குப் பிறகு அந்தப் படலை அவளுக்குத் திறக்கவில்லை.

பதாகையை இறக்கச் சொல்லிக் கடிதம் எழுதினாள். பதில் விரைவாக வந்தது. பதாகை ஏற்றுவதற்கான படிவம் மட்டுமே தற்போது கைவசம் உள்ளது என்றும், தங்களின் ஆர்வத்துக்கு நன்றி என்றும் இருந்தது. கூடவே விழா அழைப்பிதழ். சிறந்த வெற்றிக் கதைக்கான விருது கண்டாவளைக்கு!

போவதில்லை என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு, நானூறு பேருக்கு முன்னால் ஒலிவாங்கி கைக்கு வரும், அதில் சொன்னால் அமத்த முடியாது என்று நினைத்தாள். போனாள்.

விளக்கு, அஞ்சலி, வரவேற்பு எல்லாம் முறைப்படி நடந்தன. திரையில் யதுர்ஷிகாவின் இரண்டு முகமும் ஓடின. நாகேஸ்வரியின் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடையேறி ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாருக்கும் வணக்கம். இந்தப் படம் ரெண்டும் இடம் மாறிக் கிடக்கு. நல்லா இருந்த பிள்ளையின்ர முகத்தைப் பழுதாக்கினது நான். எனக்கு ஒண்டும் தெரியாது. தெரியாதெண்டு சொல்ல வெக்கப்பட்டனான். பத்தாம் நாள் பிழையெண்டு விளங்கிச்சுது. விளங்கின பிறகும் பூசினனான்."

பின்வரிசையில் ஒரு குழந்தை தும்மியதுகூடக் கேட்டது. அப்பாடா, முடிந்தது என்று நாகேஸ்வரி நினைத்தாள்.

பணிப்பாளர் மெல்ல எழும்பி வந்து, ஒலிவாங்கியை அவள் கையிலிருந்து அன்பாக வாங்கினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"பார்த்தீர்களா? இதுதான் வன்னிப் பெண்ணின் அடக்கம்! வெற்றியைத் தனதென்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. பழியைக்கூடத் தன்மேல் போட்டுக்கொள்கிறாள். என் சேவைக்காலத்தில் எத்தனையோ பேர் என்னிடம் உண்மை பேசியிருக்கிறார்கள். அவர்கள் எல்லோரையும் நான் இப்படித்தான் கௌரவித்திருக்கிறேன்."

நானூறு பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். அவளை முதன்மை வளவாளராக உயர்த்தி, வரும் மாதம் முல்லைத்தீவில் நாற்பது பெண்களுக்கு முகப்பருப் பராமரிப்பைக் கற்பிக்க நியமித்திருப்பதாக அறிவித்தார்கள். கிருசாந்தி ஓடிவந்து கட்டிப்பிடித்து, "அக்கா, நீங்கள் அழவைச்சுப்போட்டியள்" என்றாள்.

பஸ்ஸில் திரும்பும்போது பொன்னாடை மடியில் கிடந்து சறுக்கியது. சொல்லவேண்டியதை ஒபிசுக்குச் சொல்லியாயிற்று, மண்டபத்துக்குச் சொல்லியாயிற்று. ஒரு ஆளுக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை. அந்த ஆள் அறைக்குள்ளே கச்சானை நினைத்துத் தன்னைத்தானே திட்டிக்கொண்டு கிடக்கிறது. நாகேஸ்வரிக்கு அப்போதுதான் தில்லைநாதன் சொன்னது விளங்கியது. தான் ஊரெல்லாம் போய் உண்மை சொன்னது, அந்தக் கதவைத் தட்டப் பயந்துதான் என்பதும் விளங்கியது.

அடுத்த நாள் காலை படலையில் நின்று தமக்கையைக் கூப்பிட்டாள். "என்னோட கதைக்கவேண்டாம் அக்கா. பிள்ளையை மட்டும் என்னோட ஆசுபத்திரிக்கு விடு." தமக்கை உள்ளே போய்ப் பிள்ளையைக் கூப்பிட்டாள். யதுர்ஷிகா தாவணியால் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் பரந்தன் சந்தி வரும்போது குனிந்துகொண்டாள்.

தோல் கிளினிக்கில் நீண்ட வரிசை. மேசையில் இருந்தவர் பிரஷாந்தினி மிஸி. கிளினிக் அட்டை ஒன்றை எடுத்துப் பெயர், வயது எல்லாம் எழுதிக்கொண்டார்.

"முன்னம் என்ன பூசினது?"

"தேசிக்காய், அப்பச்சோடா, பற்பசை" என்றாள் நாகேஸ்வரி. "நகத்தாலயும் அமுக்கினது."

"ஆர் பூசினது?"

மலர்முகத்தின் ஏழு பக்கப் படிவத்தில் இந்தக் கேள்வி இருக்கவில்லை. இங்கே நாலாம் வரியிலேயே இருந்தது. நாகேஸ்வரி பக்கத்தில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நான் மிஸி."

"இப்பிடி வரத் தொடங்கின பிறகும் பூசினதோ?"

"ஓம். பத்தாம் நாள் என்ர கையில பூசிப் பாத்தனான். எரிஞ்சுது, கழுவிப்போட்டன். பிள்ளைக்கு ஊத்தை வெளியில வருதெண்டு பொய் சொன்னனான். படிவம் நிரப்பவேணும் எண்டதுக்காகப் பிறகும் பூசினனான். பிள்ளையில ஒரு பிழையும் இல்லை."

மிஸி தலை நிமிராமல் எழுதினார். கைதட்டவில்லை. எழுதி முடித்துவிட்டுத்தான் நாகேஸ்வரியின் முகத்தைப் பார்த்தார்.

"நீங்கள் அண்டைக்கு அந்தச் செயலமர்வில இருந்தனியளெல்லோ? நான் ஒண்டு சொல்ல எழும்பினனான், நினைவிருக்கோ? ஒண்டும் பூசாதேங்கோ, கை வைக்காதேங்கோ, கூடினால் இஞ்ச அனுப்புங்கோ. அவ்வளவுதான். அரை நிமிசம் போதும்."

டொக்டர் பார்த்துக் களிம்பும் குளிசையும் எழுதினார். மெல்லிய சவர்க்காரத்தால் இரண்டு நேரம் கழுவச் சொன்னார். வெயிலில் திரியவேண்டாம் என்றார். மூன்று நாலு மாதம் எடுக்கும், கொஞ்சம் தழும்பு நிற்கும் என்றார். இருபத்தொரு நாள் என்று அவர் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் யதுர்ஷிகா யன்னல் கரையில் இருந்தாள். பரந்தன் கிட்ட வரும்போதுதான் வாய் திறந்தாள்.

"அப்ப கச்சான் இல்லையோ?"

"இல்லை பிள்ளை. கச்சான் ஒண்டும் செய்யேல்லை."

"நான் ரெண்டு மாசமாய் ஒரு கச்சானும் தின்னேல்லை" என்றாள் அவள். கத்தவில்லை, அழவும் இல்லை. அப்படிச் சொன்னதற்குப் பதில் கன்னத்தில் இரண்டு அறைந்திருந்தால் நாகேஸ்வரி தாங்கியிருப்பாள்.

சந்தியில் பிள்ளை எழும்பி இறங்கினாள். அதிபர் கடைசித் தவணையாக வெள்ளிக்கிழமை வரை தந்திருந்தார், அன்று வியாழன். பதாகையின் கீழால் தாவணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து, ஸ்ரூடியோவுக்குள் போனாள். படம் எடுப்பவன் இரக்கப்பட்டு, கொம்பியூட்டரில் கொஞ்சம் துடைத்து விடட்டுமா என்று கேட்டானாம். பிறகு, அடையாள அட்டைப் படத்தில் எதையும் மாற்றக்கூடாது என்று அவனே சொல்லி, உள்ளது உள்ளபடி எடுத்தானாம். நாகேஸ்வரி உள்ளே போகவில்லை. வெளியில் நின்று கச்சான்காரியிடம் ஒரு சுருள் வாங்கினாள். பிள்ளை வந்ததும் நீட்டினாள். அவள் வாங்கிப் பைக்குள் வைத்தாள். தின்னவில்லை.

அடுத்த மாதம் நாகேஸ்வரி முல்லைத்தீவுக்குப் போனாள். நாற்பது பெண்கள் கொப்பியும் பேனையுமாய் இருந்தார்கள். "ஒண்டும் பூசாதேங்கோ. கை வைக்காதேங்கோ. கூடினால் ஆசுபத்திரிக்கு அனுப்புங்கோ. தெரியாததைத் தெரியாதெண்டு சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டாள். இரண்டு நாள் பயிற்சி முக்கால் நிமிடத்தில் முடிந்துவிட்டது. விளக்கு ஏற்ற வரவேண்டிய பிரமுகர் இன்னும் வழியில்தான் இருந்தார். றோல்ஸும் வந்திருக்கவில்லை. பத்து நாளில் பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. 'ஒதுக்கப்பட்ட நேரத்தைப் பயன்படுத்தாமை பாரிய பிழையாகும்' என்று எழுதி, சான்றிதழைத் திருப்பிக் கேட்டிருந்தார்கள். பிழை என்ற சொல் நிறுவனத்திடம் கைவசம் இருந்தது என்பதை அவள் அன்றுதான் அறிந்தாள். சான்றிதழை அன்றே தபாலில் போட்டாள். பச்சைப் பலகையைத் தில்லைநாதன் கழற்றிக் கோழிக்கூட்டுக்குக் கதவாகப் போட்டான்.

பதாகையை யாரும் இறக்கவில்லை. ஐப்பசி கடைசியில், கிருசாந்தி சவால்கள் நிரலில் போட்ட அந்த மழை வந்தது. ஒரு கிழமை அடித்த மழையிலும் காற்றிலும் முன்னும் பின்னும் கிழிந்து, பணிப்பாளரின் வட்டம் மட்டும் தை மாதம் வரை கம்பத்தில் தொங்கியது.

அடையாள அட்டை பள்ளிக்கூடத்துக்கு வந்த அன்று, யதுர்ஷிகா சீருடையோடு நேரே சின்னம்மா வீட்டுக்கு வந்தாள். முகம் ஆறியிருந்தது. கன்னத்தில் நாலைந்து மெல்லிய தழும்பு, நாடியில் புதிதாக ஒரு பரு. தையல் மெசினுக்கு முன்னால் நின்று, அட்டையைத் தன் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்தாள்.

"சின்னம்மா, இஞ்ச பாருங்கோ. இது முன். இது பின்." அட்டையைக் காட்டி, முகத்தைக் காட்டினாள். "இப்பதான் ரெண்டும் சரியான ஒழுங்கில கிடக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நாகேஸ்வரியும் சிரிக்கத்தான் பார்த்தாள். அட்டையை வாங்கிப் பார்த்தபோது, கண்ணுக்குக் கீழ்வரை வீங்கிய அந்த முகம் அவளை நேரே பார்த்தது. இனிப் பரீட்சை மண்டபத்திலும், வங்கியிலும், கலியாணம் பதிகிற மேசையிலும் பிள்ளை நீட்டப்போவது இதைத்தான். தன் கைவேலை அரசாங்க முத்திரையோடு காலம் முழுக்க இருக்கப்போகிறது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைக்கத் துடைக்க மங்கலாகவே இருந்தது.

"அழாதேங்கோ சின்னம்மா" என்றாள் யதுர்ஷிகா. கதிரையை இழுத்துப்போட்டு இருந்துகொண்டாள். "சரியான பசி. கச்சான் இருக்கோ?"

இருந்தது. அந்த வியாழக்கிழமையிலிருந்து நாகேஸ்வரி கச்சான் பேணியை வெறுமையாக விட்டதில்லை. எழும்பிக் குசினிக்குள் போய், பேணியோடு எடுத்துக்கொண்டு வந்து பிள்ளையின் மடியில் வைத்தாள்.